நாற்பது மீட்டர்

கிளைப்பேடா துறைமுகத்தில்
எனக்கு ஒதுக்கியது நான்காம் கிரேன்.
நாற்பது மீட்டர் உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு.
தரையும் கண்ணாடிதான்.
கால்களுக்கு நடுவே
கப்பல், கடல், கன்டெய்னர்கள்,
ஒரு மஞ்சள் தலைக்கவசம்.

அந்தத் தலைக்கவசத்தின் பெயர் எகிடியுஸ்.

ரேடியோ உண்டு. பால்டிக் காற்று வீசினால்
அதில் எண்ணெய் பொரியும் சத்தம் மட்டும் வரும்.
ஆகவே கைதான் எங்கள் மொழி.
விரல் வானைக் காட்டிச் சுழன்றால், தூக்கு.
தரையைக் காட்டினால், இறக்கு.
கட்டைவிரலும் சுட்டுவிரலும் நெருங்கினால்,
மெல்ல, இன்னும் ஒரு மயிரிழை.
இரு கையும் குறுக்கே விழுந்தால், நில்.
பதினோரு ஆண்டுகள்
இந்தப் பத்துப் பன்னிரண்டு சொற்களில்
பேசிக்கொண்டே இருந்தோம்.

ஒரு பிப்ரவரி. மூடுபனி.
அந்தரத்தில் இருபத்தெட்டு டன்.
எனக்குத் தெரிந்தது வெள்ளை.
அவருக்குத் தெரிந்தது
அவிழ்ந்த பூட்ஸ் கயிற்றைக் கட்டக்
குனிந்த ஒரு லாரி ஓட்டுநர்.
பனியில் விழுந்த ஓர் ஓட்டை வழியே
குறுக்காக இரண்டு கைகள்.
நிறுத்தினேன்.
கம்பி ஆடியது, கூண்டு ஆடியது,
என் பற்கள் ஆடின.
ஓட்டுநர் முடிச்சைப் போட்டுவிட்டு
அண்ணாந்தும் பாராமல் போய்விட்டார்.

அன்றைய பதிவேட்டில் நானே எழுதினேன்:
'குறிப்பிட ஒன்றுமில்லை.'
அந்த ஒன்றுமில்லையைச் செய்தவர்
கீழே கையுறையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

நான் சொல்லாமல் இல்லை.
அன்றிரவே கணவரிடம் சொன்னேன், அழுதபடி.
பல் மருத்துவரிடம் சொன்னேன், வாயில் பஞ்சோடு.
புதிதாய் வரும் பையன்களுக்கு
வருடம் தவறாமல் சொன்னேன்.
ஊருக்கெல்லாம் வாசித்துக் காட்டிய கடிதம்.
முகவரிக்காரருக்கு மட்டும்
தபாலில் சேர்க்கவில்லை.

ஒரு ஞாயிறு, என் தங்கை மில்டா
உருளைக்கிழங்கைத் துருவிக்கொண்டே கேட்டாள்:
"அவரிடம் சொன்னாயா?"
"அவருக்கே தெரியும்."
"எப்படி?"
நான் வெங்காயத்தை எடுத்தேன்.
"சொன்னால் வாயிலிருக்கும் முத்து உதிர்ந்துவிடுமா, அல்டோனா?"

திங்கள். இருநூற்றுப் பன்னிரண்டு படிகள்.
அவர் டீ குடிக்கும் தகரக் கொட்டகை.
இத்தனை அருகே நின்றதில்லை.
இவ்வளவு குள்ளமா?
மேலிருந்து பார்த்தால் எல்லோரும் ஒரே உயரம்.

ஒத்திகை பார்த்த வாக்கியம்
படிகளிலேயே சிந்திவிட்டிருந்தது.
"அந்தப் பனி நாள்," என்றேன்.
"நீங்கள். அந்தக் கைகள்.
உங்களோடு வேலை செய்வது
எனக்குப் பெருமை."

கோப்பையைக் கீழே வைத்தார்.
எடுத்தார். மறுபடி வைத்தார்.
"உங்களுக்குக் கோபம் என்று நினைத்தேன்.
தாமதமாய்க் கை காட்டிவிட்டேன் என்று.
அந்த வாரம் முழுக்க
என் முகத்தைப் பாராமலே போனீர்களே."

பார்த்திருந்தால் அழுதிருப்பேன்.
ஏழு ஆண்டுகள்.
நான் காலி என்று நினைத்து விட்ட இடத்தில்
அவர் குடியிருந்திருக்கிறார்,
குற்றவாளியாக.

அதற்கு மேல் இருவருக்கும் வரவில்லை.
"டீ ஆறுகிறது," என்றேன்.
"காற்று," என்றார்.
ஏறிவிட்டேன்.

மாலை. கடைசிக் கன்டெய்னர்
பூனை போல் உட்கார்ந்தது.
முடிந்தது என்று கை காட்ட வேண்டியவர்
கையேட்டில் இல்லாத ஒன்றைச் செய்தார்.
தலைக்கவசத்தைக் கழற்றினார்.
உள்ளிருந்த கம்பளிக் குல்லாயையும் கழற்றினார்.
இரண்டையும் மார்போடு அணைத்து
அண்ணாந்தார்.
விதிமீறல். அபராதம் உண்டு.
பளபளவென்று ஒரு வழுக்கை,
பதினோரு ஆண்டில் முதல் தரிசனம்.

மழை இல்லை.
ஆனாலும் வைப்பரை ஒரு முறை ஓட்டினேன்,
இப்படியும் அப்படியும்.
அவர் கவசத்தை மாட்டவில்லை.
அந்தக் காற்றில்,
உச்சி குளிர,
நின்றுகொண்டே இருந்தார்.